கொலு பொம்மை முதல் கிறிஸ்துமஸ் குடில் வரை: கடலூர், புதுச்சேரி வீடுகளில் பண்டிகைச் சாமான்களைக் கட்டி வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணியில் பிள்ளையார் குடை, அப்புறம் கொலு, தீபாவளி விளக்கு, கார்த்திகை அகல், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், பொங்கல் கோலப்பொடி என்று ஐந்து மாதத்துக்குள் வீட்டில் உள்ள அலங்காரச் சாமான் எல்லாம் ஒரு சுற்று வெளியே வந்து உள்ளே போய்விடும். அந்த ஐந்து மாதத்தில் பாதி நமக்கு மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். கொலு இறங்குவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். ஈரக்காற்று அடிக்கும்போது இறுகக் கட்டி மூடினால் அந்த ஈரமும் பொம்மையோடு சேர்ந்து பெட்டிக்குள் அடைபட்டுவிடும். இங்கே பொருள்கள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் கீழே உள்ள பதில்களும் திரும்பத் திரும்ப ஈரத்தைப் பற்றியே பேசும்.

கொலுவைக் கலைத்ததும் பொம்மைகளை உடனே பெட்டியில் போட்டு மூடிவிடலாமா?

பெட்டியில் போடலாம், இறுக மூடக்கூடாது. இந்தக் கடலோரத்தில் கொலு பொம்மைகளை இரண்டு தவணையாகக் கட்டுவதுதான் சரி.

முதல் தவணை விஜயதசமி முடிந்த மறுநாள். தூசி தட்டி, பருத்தித் துணியில் மட்டும் சுற்றிப் பெட்டியில் அடுக்குங்கள். மூடியை மேலே சும்மா வைத்தால் போதும். டேப் ஒட்ட வேண்டாம், பிளாஸ்டிக் உறை வேண்டாம். பரணில் ஏற்றாமல், வெளிச்சுவரை ஒட்டாத உள் அறையில், ஒரு பலகையின் மேல் பொங்கல் வரை இருக்கட்டும்.

இரண்டாவது தவணை தை பிறந்த பிறகு. மழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆன ஒரு வெயில் நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையில் பனி ஈரம் இருக்கும், அதனால் 11 மணிக்கு மேல் பெட்டிகளைத் திறந்து பொம்மைகளை நிழலில் பரப்பி, மின்விசிறியை ஓடவிடுங்கள். மூன்று மணிக்குள் ஒவ்வொன்றையும் அடிப்பாகம் வரை பார்த்து, துணியையும் உதறிக் காயவைத்து, மறுபடி சுற்றி, இப்போது இறுக மூடிப் பரணில் ஏற்றுங்கள்.

ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது போலத் தோன்றும். ஐம்பது, அறுபது பொம்மைக்கு அரை நாள் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஐப்பசி மழையில் பூத்த பூசணம் தையில் கண்ணில் பட்டால் தூரிகையால் தட்டினாலே போய்விடும். அடுத்த புரட்டாசியில் பார்த்தால் வர்ணத்தைத் தின்று முடித்திருக்கும்.

என் பொம்மை களிமண்ணா, காகிதக்கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா? எப்படித் தெரிந்துகொள்வது?

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வர்ணம் இருக்காது. செம்மண் நிறமாக, தட்டினால் கணீரென்று கேட்டால் சுட்ட மண். மண் நிறமாகவே இருந்து ஒலி மந்தமாக, கை வைத்தால் கொஞ்சம் மாவு ஒட்டினால் சுடாத களிமண். தூக்கும்போது எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தால் காகிதக்கூழ். நகத்தால் கீறினால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளைத் தூள் வந்தால் பிளாஸ்டர்.

கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி பக்கம் வாங்கியவை என்றால் மண்ணும் இருக்கும், காகிதக்கூழும் இருக்கும். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. புதுச்சேரி வீடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

வகை தெரிய வேண்டியதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். காகிதக்கூழில் பசை இருக்கிறது. பூசணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது தீனி. சுடாத களிமண் ஈரத்தில் கொஞ்சம் உப்பி, காயும்போது சுருங்கும். மேலே உள்ள வர்ணம் அதற்கு ஈடுகொடுக்காமல் செதில் செதிலாக உரியும். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மாவாகும். சுட்ட மண்ணுக்கு ஈரம் பெரிய எதிரி இல்லை, கீழே விழுவதுதான் எதிரி. அதனால் இடம் குறைவாக இருந்தால் நல்ல உலர்ந்த அலமாரியைக் காகிதக்கூழுக்குக் கொடுங்கள்.

தூசியை ஈரத்துணியால் துடைக்கலாமா?

பழைய பொம்மைகளில் கூடாது. தண்ணீரில் கரைகிற வர்ணமாக இருந்தால் முகமே துணியில் வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அடி விளிம்பில் ஒரு ஓரத்தை ஈரப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பொம்மையைத் தண்ணீரே தொடக்கூடாது. எனாமல் பூசி மினுங்குகிறவற்றை நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுக் கட்டலாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் பெயின்ட் கடையில் கிடைக்கிற ஒரு அங்குல மெல்லிய தூரிகை போதும். மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். குங்குமம், சந்தனம் வைத்திருந்தால் அதைக் காய்ந்த தூரிகையாலேயே எடுங்கள். குங்குமத்தை நனைத்தால் சிவப்புக் கறை உள்ளே இறங்கிவிடும். ஒட்டியிருக்கும் பூவிதழ், இலை, நைவேத்தியப் பருக்கு ஒன்றுகூட பெட்டிக்குள் போகக்கூடாது. ஒரு சுண்டல் பருப்பு போதும், கரப்பான் வழி கண்டுபிடித்துவிடும்.

எதில் சுற்றுவது? நியூஸ்பேப்பர் போதாதா?

மேல் சுற்றுக்கும் இடைவெளி அடைக்கவும் நியூஸ்பேப்பர் நல்லது. பொம்மையின் மேனியில் நேராகப் படக்கூடாது. மை வெள்ளை முகத்திலும் வேட்டி மடிப்பிலும் ஒட்டும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். பாலித்தீன் உறை இன்னும் மோசம். உள்ளே வியர்த்து, வெயில் காலத்தில் வர்ணம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். பப்பிள் ரேப்பை நேராகச் சுற்றினால் மே மாதச் சூட்டில் ஒவ்வொரு குமிழும் வர்ணத்தின் மேல் வட்டமாகப் பதிந்துவிடும். அந்த அடையாளம் பிறகு போகவே போகாது.

உள்சுற்றுக்குப் பழைய வெள்ளை வேட்டி, பழைய பருத்திப் புடவை இரண்டும் அருமையானவை. ஒரு நிபந்தனை: கஞ்சி போட்ட துணியாக இருக்கக்கூடாது. கஞ்சி ராமபாணத்தையும் கரப்பானையும் கூப்பிடும். நன்றாக அலசிக் காயவைத்த, கஞ்சி போன துணிதான் வேண்டும். சாயம் போகிற துணியையும் தவிர்க்கவும்.

ஓர் அடி உயரத்தில் குழல் ஊதும் கிருஷ்ணன் பொம்மையை எடுத்துக்கொள்வோம். இதில் உடைகிற இடங்கள் குழல், அதைப் பிடித்த விரல்கள், மயிற்பீலி, மாற்றிப் போட்ட கால். முதலில் கைகளுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள சந்தில் மென்துணியை உருண்டையாக்கி அடையுங்கள். குழலின் வெளி நுனிக்குக் கீழே ஒரு துணிச் சுருளை முட்டுக் கொடுங்கள். கால்களுக்கு நடுவிலும் அப்படியே. இப்படிச் சந்துகளை நிரப்பிய பிறகு பொம்மை ஒரு தூண் மாதிரி ஆகிவிடும். அப்புறம்தான் முழுதாகச் சுற்ற வேண்டும். சந்தை நிரப்பாமல் வெளியே நாலு சுற்றுச் சுற்றினால் அந்த அழுத்தம் எல்லாம் குழலில்தான் விழும். வீட்டில் உடைகிற பொம்மைகளில் பல, கீழே விழாமல் இப்படிக் கட்டும்போதே உடைபவை.

சுற்றிய துணியைப் பருத்தி நாடாவால் லேசாக முடியுங்கள். ரப்பர் பேண்ட் ஆறு மாதத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். செல்லோ டேப் பசை மஞ்சளாகித் துணியில் ஊறும். மேலே ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதிச் செருகுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஒரு மரப்பாச்சியைத் தேடப் பத்து மூட்டையை அவிழ்க்க வேண்டிவரும்.

அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பா, ட்ரங்குப் பெட்டி: எது நல்லது?

மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா, 40 முதல் 60 லிட்டர் அளவு. அதைவிடப் பெரிதாக வாங்காதீர்கள். நிரம்பினால் பரணில் ஏற்ற முடியாது. ஏணியில் நின்று தலைக்கு மேல் தூக்குகிற டப்பா 10 கிலோவைத் தாண்டக்கூடாது. ஏற்ற ஒருவர், கீழிருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர் என்று இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

அட்டைப்பெட்டி மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தொய்யும், கரையானுக்கு அதுவே உணவு. டிவி, மிக்ஸி வந்த பெட்டிகளை அப்படியே பயன்படுத்துகிறவர்கள் குறைந்தது ஒவ்வொரு தையிலும் அடியைத் தட்டிப் பாருங்கள். ட்ரங்குப் பெட்டி எலிக்கு அசையாது, ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய வீடாக இருந்தால் உள்ளும் புறமும் ரெட் ஆக்சைடு அடித்து, அடியில் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன்மேல் துணி போட்டுப் பயன்படுத்தலாம்.

அடுக்கும்போது கனமானது அடியில், சுட்ட மண்ணுக்கு மேல் காகிதக்கூழ். நிற்க வைக்க உயரம் இல்லையென்றால் முதுகுப்புறம் கீழே வரும்படி படுக்க வையுங்கள். மூடியை மூடிய பின் டப்பாவை லேசாக அசைத்தால் உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்கக்கூடாது.

செட் பொம்மைகள் கலந்துபோகாமல் இருக்க?

தசாவதாரம் 10, அஷ்டலட்சுமி 8, கிரிக்கெட் செட், கல்யாண ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அடியில் பென்சிலால் எண் போடுங்கள்: தசாவதாரம் 1/10, 2/10 என்று. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை ஊறும். ஒரு செட் ஒரே டப்பாவுக்குள் இருக்கட்டும். செட்டைப் பிரித்து இரண்டு டப்பாவில் போட நேர்ந்தால் இரண்டிலும் அதை எழுதி வையுங்கள்.

கொலுவைக் கலைப்பதற்கு முன் ஒவ்வொரு படியையும் நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். கலைத்த பிறகு டப்பா வாரியாக இன்னொரு படம். அந்தப் படத்தை அச்செடுத்து, அல்லது கையால் பட்டியல் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே எண் மட்டும் போதும். அதை மூடியின் மேல் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள், அடுக்கிய பிறகு மூடி கண்ணுக்குத் தெரியாது.

ஏற்றும் வரிசையில் ஒரு சின்ன விஷயம். அடுத்த வருடம் முதலில் வேண்டியது படியும் விரிப்பும், அப்புறம் கலசமும் மரப்பாச்சியும். அவை கடைசியாகப் பரணில் ஏற வேண்டும், முன்னால் இருக்க வேண்டும்.

பரணா, கட்டிலுக்கு அடியா? புயல், வெள்ளம் வந்தால்?

தரையில் வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்து ஊர்களில் வீடுகளுக்குள் வந்தது. இரண்டு புயலும் கொலு இறங்கிய பிறகு, டிசம்பரை ஒட்டி வந்தவை. கட்டிலுக்கு அடியில் இருக்கிற டப்பாவுக்கு முழங்கால் அளவு தண்ணீரே போதும். முதல் தவணையில் உள் அறையில் வைக்கும் பெட்டியையும் மேசை அல்லது பெஞ்சின் மேல் வைத்தால் நிம்மதி.

பரணிலும் எல்லா மூலையும் ஒன்றல்ல. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, குளியலறைச் சுவரை ஒட்டி, ஓதம் ஏறிய வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். குளிர்ந்து பிசுபிசுத்தால் அந்த இடம் ஆகாது. புதுச்சேரியின் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் பாவிய கூரை) வீடுகளில் உத்தரத்துக்கு நேர் கீழே கரையான் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். எங்கே வைத்தாலும் சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்று ஓடவும் கரையான் மண்கோடு தெரியவும்.

கத்திரி வெயிலில் மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் கொதிக்கும். மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் பூ, ஜிகினா ஒட்டியவை இவற்றை அங்கே வைத்தால் உருகியோ வளைந்தோ போகும். அவற்றுக்குப் பீரோவின் அடித்தட்டு நல்லது.

அந்துருண்டை போடலாமா?

பொம்மை டப்பாவுக்குள் வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. பாச்சை உருண்டை என்றும் சொல்கிற இந்த நாப்தலின் ஆவி, சில வர்ணங்களையும் தெர்மாகோலையும் இளக்கும். குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டால் ஆபத்து. கரையானையும் எலியையும் அது விரட்டாது.

வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை இரண்டையும் துணி முடிச்சாகப் போடலாம். நொறுங்குகிற அளவு காய்ந்திருக்க வேண்டும். பச்சை வாடை இருக்கிற வேப்பிலையைப் போட்டால் ஈரத்தை நாமே உள்ளே அனுப்பியதாகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் இவற்றுக்கு வீரியம் இருக்காது, தையில் மாற்றுங்கள். எந்த மருந்தையும்விட, சோற்றுப் பருக்கும் எண்ணெயும் இல்லாமல் கட்டுவதுதான் பூச்சியை நிறுத்தும்.

சிலிக்கா ஜெல் எவ்வளவு போட வேண்டும்? அரிசி, உப்பு போடலாமா?

50 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம். இரண்டு துணிப்பையில் பிரித்து, ஒன்றை அடியில், ஒன்றை மேலே வையுங்கள். பொம்மையைத் தொடாமல் இருக்கட்டும். நிறம் மாறும் ஆரஞ்சு மணிகளாக வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும், கரும்பச்சையானால் இனி ஈரம் குடிக்காது. தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

ஒன்று நினைவிருக்கட்டும்: மூடி இறுக்கமாக இல்லாத டப்பாவில் சிலிக்கா ஜெல் வீண். ஊர்க்காற்றின் ஈரம் முழுவதையும் அதனால் குடிக்க முடியாது. அதனால்தான் இதைத் தை மாதத் தவணையில் போடச் சொல்கிறோம்.

அரிசி வண்டைக் கூட்டி வரும். உப்பு நம் ஊர் மழைக்காலத்தில் தானே கரைந்து தண்ணீராகும். இரண்டும் வேண்டாம்.

பூசணம் பூத்துவிட்டது. என்ன செய்வது?

அந்தப் பொம்மையை உடனே தனியாக எடுத்து வெளியே கொண்டுபோங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று நம்மை விட்டு விலகிப் போகும் திசையில் நின்று, காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் தூள் மற்ற பொம்மைகளில் போய் உட்காரும். பிறகு நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள். உச்சி வெயிலில் வைக்காதீர்கள். மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்க, வர்ணம் வெடிக்கும். சுற்றியிருந்த துணியைக் கொதிநீரில் அலசுங்கள், செய்தித்தாளை எறியுங்கள், டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். தட்டியும் கறை நின்றால் அதைச் சுரண்ட வேண்டாம், காய்ந்தபின் அந்த இடத்துக்கு மட்டும் அக்ரிலிக் வர்ணம் தொட்டுக்கொள்ளலாம்.

கை உடைந்துவிட்டது. ஃபெவிகால் போதுமா?

காகிதக்கூழ் பொம்மையில், சின்ன விள்ளலுக்குப் போதும். மண் பொம்மையின் கை, தலை போலப் பாரம் தாங்கும் இடத்துக்கு அரால்டைட் நல்லது. துண்டு தொலைந்து குழியாக இருந்தால் எம்சீல்: இரண்டு நிறத்தையும் சம அளவு எடுத்து, ஒரே நிறமாகும் வரை பிசைந்து அடைத்து, ஒரு நாள் விட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து வர்ணம் கொடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் உடைந்த வாயைப் பாருங்கள். பல பொம்மைகளின் கைக்குள் இரும்புக் கம்பி இருக்கும். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து உப்பி, கையைப் பிளக்கும். உடைவதற்கு முன்பே மணிக்கட்டில் மெல்லிய பழுப்புக் கோடு தெரியும். அப்படி இருந்தால் துருவை உப்புத்தாளால் நீக்கி, கம்பிக்கு ஒரு பூச்சு ரெட் ஆக்சைடு கொடுத்துக் காய்ந்தபின் ஒட்டுங்கள். துருவின் மேலேயே ஒட்டினால் அடுத்த மழைக்குள் அதே இடத்தில் மறுபடி விரியும்.

மரப்பாச்சிக்குத் தனிக் கவனிப்பு உண்டா?

பட்டுச் சட்டை, பாவாடை, நகை எல்லாவற்றையும் கழற்றித் தனியாக வையுங்கள். ஜரிகை கறுக்கும், துணியின் சாயம் மரத்தில் இறங்கும். மரத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெயைத் துணியில் தடவித் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு நிற்கக்கூடாது.

சீரியல் லைட் ஒவ்வொரு வருடமும் சிக்குகிறது, எரியவும் மாட்டேன் என்கிறது. ஏன்?

முழங்கையில் சுற்றுவதால் சிக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒயர் ஒரு முறுக்கு வாங்குகிறது, அவிழ்க்கும்போது அத்தனை முறுக்கும் முடிச்சாக வெளிவருகிறது. 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் கெட்டி அட்டை ஒன்றை வெட்டி, இரண்டு முனையிலும் ஒரு பிளவு கொடுங்கள். பிளக் இல்லாத வால் முனையை முதலில் பிளவில் செருகி, அட்டையின் நீளவாக்கில் இழுத்துப் பிடிக்காமல் சுற்றுங்கள். 10 மீட்டர் ஒயர் பதினேழு சுற்றுக்குள் முடியும். பிளக் கடைசியாக வெளியே நிற்கும், அதனால் அடுத்த வருடம் அவிழ்க்காமலே செருகி எரிகிறதா என்று பார்க்கலாம். எல்இடி என்றால் சில நொடி எரியவிடுங்கள். பழைய அரிசி பல்பு மாலையைச் சுற்றியபடியே எரிய விடாதீர்கள், சூடாகும்.

எரியாததற்குப் பாதிக் காரணம் பிளக் ஊசியில் படிந்த பச்சை. வெளியே மழையிலும் கடல்காற்றிலும் தொங்கியதால் வருவது அது. கரண்டில் இருந்து எடுத்த பிறகு மெல்லிய உப்புத்தாளால் ஊசியைத் தேய்த்தால் சரியாகும். கழற்றிய அன்றே ஒயரை நன்கு பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் காயவைத்துச் சுற்றினால் பச்சை பூக்காது. பழைய அரிசி பல்பு மாலையில் பல்புகள் வரிசைத் தொடராக இருப்பதால் ஒன்று போனால் அந்த வரிசையே அணையும்.

அடாப்டரும் கன்ட்ரோலர் பெட்டியும் அந்தந்த மாலையின் அட்டையோடே கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்றின் அடாப்டரை இன்னொன்றுக்குப் போட்டால் எல்இடி கருகும். ஒயரில் எலிப்பல் பட்டிருந்தால் டேப் சுற்றி ஓட்டப் பார்க்காதீர்கள். நேரடி 230 வோல்ட் ஓடும் மாலைகள் நிறைய உண்டு, ஈரமான கிரில் கம்பியில் அது பட்டால் உயிருக்கே ஆபத்து. தூக்கி எறியுங்கள்.

கிறிஸ்துமஸ் குடில், மரம், நட்சத்திரம்?

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கழற்றுகிறவர்களுக்கு ஒரு வசதி, மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். நேராக இரண்டாம் தவணை முறையிலேயே கட்டிவிடலாம்.

குடிலின் வைக்கோலைச் சேமிக்க வேண்டாம். அதில் பூச்சி முட்டை இருக்கும், எலி கூடு கட்டும். அடுத்த வருடம் புது வைக்கோல் கிடைக்காமலா போகும்? சுரூபங்கள் பெரும்பாலும் பிளாஸ்டர், துணி சுற்றி, தனித்தனியாக. குழந்தை இயேசுவைத் தனிச் சின்ன டப்பாவில் போட்டு, அதைச் சுரூப டப்பாவுக்குள் வையுங்கள். வைக்கோலைக் கொட்டும்போது அதோடு தவறிப் போவது அந்தச் சின்ன சுரூபம்தான்.

காகித நட்சத்திரத்தில் பல்பையும் ஹோல்டரையும் கழற்றி, மடிப்பு வந்த வழியிலேயே மடித்து, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வையுங்கள். வெளியில் தொங்கி மழை பட்ட நட்சத்திரத்தைக் காயாமல் மடித்தால் மடிப்புகள் ஒட்டி, பிரிக்கும்போது கிழியும். கண்ணாடி உருண்டைகளுக்குப் பிளாஸ்டிக் முட்டை ட்ரே பொருத்தமாக இருக்கும். மரத்தின் கிளைகளை வரிசைக்கு ஒரு நிற நூல் கட்டிக் கழற்றுங்கள், அடுத்த டிசம்பரில் எந்தக் கிளை எந்த அடுக்கு என்று யோசிக்க வேண்டியதில்லை.

கார்த்திகை அகல்களில் எண்ணெய்ப் பிசுக்கு. கழுவினால் காயவே மாட்டேன் என்கிறது.

காயாதுதான். மண் தண்ணீரை உறிஞ்சும், கார்த்திகையோ அடைமழைக் காலம். அதனால் அப்போது கழுவாதீர்கள். திரியை எடுத்து, சாம்பல் அல்லது உமி போட்டுத் தேய்த்துத் துடைத்து, ஒரு வாளியில் தனியாக வையுங்கள். தையில் கொதிநீரில் சீயக்காய் போட்டு அரை மணி ஊறவைத்துத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நடுவில் தாள் வைத்து அடுக்குங்கள். எண்ணெயோடு அப்படியே வைத்தால் சிக்கு வாடை வரும், எறும்பும் கரப்பானும் வரும்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தபின் மரைக்குள் ஒரு பொட்டு புளியும் நிற்காமல் அலசுங்கள். தண்டு, தட்டு, முகப்பு எல்லாவற்றையும் கழற்றியே வையுங்கள். திருகி இறுக்கி வைத்தால் மரையில் பச்சை பிடித்து அடுத்த பண்டிகைக்குள் அசையாது.

கொலுப்படி இரும்பு ஸ்டாண்ட்?

கழற்றிய போல்ட், நட்டு, வாஷர்களை எண்ணி, எண்ணிக்கையை எழுதிய பையில் போட்டு ஸ்டாண்டின் காலிலேயே கட்டுங்கள். மரையில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். பெயின்ட் உரிந்த இடத்தை அப்போதே ரெட் ஆக்சைடால் தொட்டுவிட்டால், அடுத்த வருடம் துரு வெள்ளை விரிப்பில் கறையாக இறங்காது.

விரிப்பு, தோரணம், பிள்ளையார் குடை, கோலப்பொடி?

விரிப்பைக் கஞ்சி போடாமல் துவைத்து மடியுங்கள், கஞ்சியை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பூத் தோரணத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். காகிதக் குடை ஒரு வருடத்துக்கானது, வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. வர்ணக் கோலப்பொடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். கட்டியானது என்றால் வெயிலில் காயவைத்துச் சலித்தால் மீளும்.

சரிசெய்யவே முடியாத பொம்மைகளை என்ன செய்வது?

வர்ணம் பூசாத சுடாத களிமண் என்றால் வாளித் தண்ணீரில் கரைத்துத் தோட்டத்துச் செடிக்கு ஊற்றலாம். வர்ணம் பூசியதையும் பிளாஸ்டரையும் கெடிலம் ஆற்றிலோ கடலிலோ போடாதீர்கள். பிளாஸ்டர் கரையாமல் அடியில் படியும், வர்ணத்தில் உள்ள நச்சு தண்ணீரில் இறங்கும். விநாயகர் சிலைகளைப் பிளாஸ்டரில் செய்யக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் விதித்த வழிகாட்டுதலுக்கும் இதுதான் காரணம். சாமி பொம்மையைக் குப்பையில் போட மனம் ஒப்பாது. வண்டிப்பாளையம் போன்ற இடங்களில் பொம்மை செய்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழையதை வாங்கி ஒட்டி, வர்ணம் தீட்டித் தருகிற கைகள் அங்கே உண்டு. கொலுவுக்கு முந்தைய மாதங்களில் போனால் அவர்களுக்கு நேரம் இருக்காது, மாசி, பங்குனியில் போங்கள்.